ஆளுங்க எறங்கறதுக்கு முந்தி

— அதெல்லாம் ஆவாதுங்க. பாஸு குடுத்தாங்கன்னா பத்திரமா பீரோவுல வெச்சுக்குங்க. கடலுக்குப் போனா நான் அஞ்சலாட்சி அக்கா வூட்டுலதான் தங்குவேன்.

— எழிலு, சொல்றதக் கேளு. எஞ்சினியர் மாதவராஜ் சாரு எத்தினி பேருக்கு இப்படிக் குடுப்பாரு? “பச்சியப்பா, இந்த ரிசார்ட்டுல டைல்ஸ் வேல முழுக்க உன் கை, வூட்டுக்காரம்மாவயும் புள்ளயயும் கூட்டியாந்து ஒரு நாளு தங்கிட்டுப் போ”ன்னு கூப்புட்டுக் குடுத்தாரு. ரூமு, சாப்பாடு எல்லாம் அவங்களோடது. இத வேணாம்னு சொல்ற மொத ஆளு நீதான்.

— மொத ஆளாவே இருந்துட்டுப் போறேன். இந்தப் புளிக்கூடையக் கொஞ்சம் புடிங்க. ஜில்லு வாசப்படியில படுத்திருக்குது, நான் சுத்தி வரேன்.

— ஒரு தட்டுத் தட்டி எழுப்ப வேண்டியதுதான? கன்னுக்குட்டி மாதிரி வளந்துட்டு வழிய மறிச்சிப் படுக்கறது அது, கூடையத் தூக்கிக்கிட்டு சுத்தி வர்றது நீ. நல்ல நாயி, நல்ல எசமானி.

— தூங்கற உசுர எதுக்கு எழுப்பணும்? எனக்கென்ன, ரெண்டு எட்டு கூடுதலா வெச்சாப் போவுது. நீங்க பேச்ச மாத்தாதீங்க.

— நான் எங்க மாத்துனேன்?

— கல்யாணமாயி இத்தினி வருஷத்துல நீங்க கூட்டிட்டுப் போனது தீர்த்தமலை, ஒகேனக்கல். அதுலயும் ஒகேனக்கல்ல எண்ணெ தேய்க்கற கூட்டத்துக்கு நடுவுல தண்ணியவே பாக்க முடியல. கடல நான் இன்னும் கண்ணால பாத்ததில்ல. மொத மொதப் பாக்கறப்பவாச்சும் எனக்குப் புடிச்ச எடத்துல நின்னு பாக்கணும். இது ஒண்ணுதான் நான் கேக்கறது.

— அம்மா, ரிசார்ட்டு முன்னாடி இருக்கறதும் அதே கடல்தாம்மா. நான் ஃபோன்ல பாத்துட்டேன். பீச்சுல வெள்ளக் கொடை, சாயற நாற்காலி, ஊஞ்சலு, சனிக்கெழம நைட்டு டிஜே. சீரியஸா சொல்றேன், செமயா இருக்குது.

— நல்லாருக்குதே. கடலுக்கு முன்னாடி நாற்காலி போட்டுக்கிட்டு, பாட்டயும் போட்டுக்கிட்டு உக்காந்தா கடலு என்ன பேசுதுன்னு காதுல வுழுமா? ஏன்டி காவியா, காலேஜு லீவுக்கு வந்தவ ஃபோன கீழ வெச்சுட்டு ரெண்டு கொட்டைய எடுத்துப் போட்டா என்ன? இந்தக் கூடை இன்னிக்கு முடியணும்.

— போடறேம்மா. போட்டுக்கிட்டே பேசறேன். அப்பா, அந்த அஞ்சலாட்சி அக்கா ஊருல என்னதான் இருக்குது?

— ஒண்ணும் இல்ல சாமி. ரிசார்ட்டு மதிலத் தாண்டி கொஞ்சம் வடக்கால நடந்தா மீன் புடிக்கறவங்க குடியிருப்பு. நாப்பது அம்பது வூடு, ஒரு சவுக்குத் தோப்பு. வலையக் காயப் போட்டிருப்பாங்க. மீன் கவுச்சி அடிக்கும். ஃபேனு கூட அந்த அக்கா வூட்டுல ஒண்ணே ஒண்ணுதான்.

— ஏங்க, மனசாட்சி இருக்குதா உங்களுக்கு?

— இருக்கறதச் சொன்னேன்.

— கவுச்சி அடிக்குமாம். அங்க வேல பாத்த எட்டு மாசமும் சாயங்காலமானா ஃபோனு போட்டு என்ன சொன்னீங்க? “எழிலு, சவுக்குத் தோப்புக்குள்ள நடந்து வர்றப்ப சத்தம் மட்டுந்தான் கேக்கும், கடலு கண்ணுக்குத் தெரியாது. தோப்பு முடியற எடத்துல பட்டுனு முன்னால வந்து நிக்கும், ஒவ்வொரு நாளும் புதுசா பாக்கற மாதிரியே இருக்குது”ன்னு சொன்னது யாரு?

— நாந்தான்.

— மணலு கொழுக்கட்ட மாவு கணக்கா மெத்துன்னு இருக்குதுன்னது?

— அதுவும் நாந்தான்.

— செவப்பு நண்டுங்க கரை நெறைய ஓடுமாம், ஆளு காலடிச் சத்தம் கேட்டா அத்தனையும் ஒரே நேரத்துல பொந்துக்குள்ள போயிருமாம், அசையாம உக்காந்திருந்தா நம்ம பக்கத்துலயே வந்து எட்டிப் பாக்குமாம். “இங்க அசையாம உக்காரத் தெரிஞ்சவனுக்குத்தான் எல்லாம் காட்டுது”ன்னீங்களே. அந்த ஒரு பேச்சுலயே எனக்கு அந்தக் கரை மேல ஆச வந்துருச்சு. இப்ப அங்க கவுச்சியாம்.

— அப்பா மாட்டிக்கிட்டீங்க.

— நீ கொட்டைய எடு காவியா.

— அவ கெடக்கட்டும், நான் சொல்றதக் கேளுங்க. அலைக்கிட்டப் போயி ஃபோனு புடிச்சுக்கிட்டு நிப்பீங்க, “கேளு எழிலு, கேளு”ன்னு. மொத நாளு எனக்கு நம்ம பைபாஸ்ல ராத்திரி லாரி போற சத்தம்னுதான் தோணுச்சு. அப்புறம்தான், ஆரன் சத்தமே இல்லியே, இது வேற என்னமோன்னு புரிஞ்சுது. ஃபோன மடியில போட்டுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டேதான் அந்த வருஷப் புளி அத்தனையும் தட்டுனேன். கை வலி தெரியல. கடலு எம் மடியில கெடக்கற மாதிரி இருந்துச்சு.

— இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லியே.

— எங்க சொல்ல விட்டீங்க? உங்களுக்கு என்ன தொந்தரவு வந்துச்சோ, மார்கழி பொறந்ததும் கோலத்த ஃபோட்டோ புடிச்சு அனுப்புன்னு நச்சரிப்பு. நீங்க சாயங்காலம் கடலக் காட்டுவீங்க, நான் காலையில கோலத்தக் காட்டணும். ஒரு நாளு வீடியோவுல வந்து, நேரா மேல இருந்து காட்டுன்னு ஏணியில ஏத்தி வுட்டீங்க. பக்கத்து வூட்டுக் கண்ணம்மாக்கா, “என்னா எழிலு, வூட்டுக்காரரு வாசல அளந்து பட்டா போடப் போறாரா”ன்னு சிரிச்சாங்க.

— வூட்டு நெனப்புதான். வேற என்ன.

— அப்படித்தான் நானும் நெனச்சேன். அதான் சொல்றேன், பாஸ வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. உங்களோட வேல பாத்த தமிழ்ச்செல்வனுக்குப் புதுசா கல்யாணம் ஆயிருக்குது, அவங்க போயி ஊஞ்சலாடட்டும். நாம தோப்பு வழியா நடந்து போவலாம். அஞ்சலாட்சி அக்காவும் ஃபோனு போடறப்பல்லாம் “எப்ப தங்கச்சி வர”ன்னு கேக்கறாங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப கஞ்சி வெச்சு ஊத்துன மனுஷி. அவங்க வூட்டு வாசலத் தாண்டிப் போயி ரிசார்ட்டுல தங்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல.

— அக்கா வூட்டுக்குப் போவாம வருவமா? போவலாம். கண்டிப்பா போவலாம். ஆனா ஒரு ராத்திரி ரிசார்ட்டுல தங்கணும். அதுக்கு ஒரு கணக்கு இருக்குது.

— என்ன கணக்கு?

— வந்தாத் தெரியும்.

— எதுக்கெடுத்தாலும் இது ஒண்ணு. சுவத்துல டைல்ஸு கோணலா நின்னாலும் அதுக்கு ஒரு கணக்கு இருக்குது, கொழம்புல உப்பு கம்மியா இருந்தாலும் கணக்கு இருக்குது. சொல்லித் தொலைங்களேன்.

— அம்மா, இதக் கேளு. ரிசார்ட்டு ரூல்ஸு போட்டிருக்கான். நீச்சல் கொளத்துல நைலான் துணி போட்டுக்கிட்டுத்தான் எறங்கணுமாம். புடவை, சுடிதாரு, வேட்டி எதுக்கும் அனுமதி இல்லயாம்.

— கேட்டீங்களா? நான் கட்டியிருக்கற பொடவையோட காலக் கூட நனைக்க முடியாத எடத்துக்கு எதுக்குங்க நான் வரணும்? அந்தக் கரையில யாராச்சும் கேப்பாங்களா, என்ன துணி கட்டியிருக்கன்னு?

— நீ கொளத்துல எறங்க வேணாம் எழிலு. ஓரமா நின்னு பாத்தாப் போதும்.

— எதப் பாத்தா?

— கொளத்தத்தான்.

— நல்லாருக்குதே. கடலப் பாக்கணும்னு சொன்னா, கடலுக்குப் பக்கத்துல ஒரு கொளம் இருக்குது, அத ஓரமா நின்னு பாருன்னு சொல்றீங்க. அதுக்கு நம்ம ஏரிக்கரையிலயே நிக்கறேன், பஸ்ஸு ஏறத் தேவையில்ல.

— காலையில ஏழு மணிக்கு முன்னாடி பாக்கணும். ஆளுங்க எறங்கறதுக்கு முந்தி. அப்ப தண்ணி அசையாம கண்ணாடியா நிக்கும். வெயிலு கெழக்கால இருந்து சாய்ஞ்சு வுழும். அதுக்குத்தான் ராத்திரி அங்கயே தங்கணும்கறேன். வெளிய இருந்து வந்தா அந்நேரத்துக்கு கேட்டுல வுட மாட்டாங்க.

— அப்பா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?

— ஒண்ணும் இல்ல.

— காவியா, நீ சும்மா இரு. எனக்கு இப்பத்தான் புரியுது. ஏங்க, அந்த எட்டு மாசமும் நீங்க பின்னாடி கேட்டு வழியாத்தான போய் வந்தீங்க?

— வேல நடக்கற எடத்துல அப்படித்தான்.

— வேல முடிஞ்சு தொறந்தப்பவும் உங்கள யாரும் கூப்புடல. போட்ட டைல்ஸு மேல தண்ணி நின்னு பாக்கல நீங்க. அதான. முன்னாடி கேட்டு வழியாப் போவணும், காவக்காரன் சலாம் வெக்கணும், பொண்டாட்டி புள்ள கிட்ட “இது நான் போட்டது”ன்னு காட்டணும். அந்த ஆச. அத நேராச் சொல்றதுக்கு என்னங்க? தப்பில்லியே. ஒங்க வேலய நான் பாக்கணும்னு எனக்கும்தான் ஆச. நம்ம வூட்டு அடுப்படித் தரையப் பாத்து ஊரே கேக்குது, யாரு மேஸ்திரின்னு. எம் புருசன்னு சொல்றப்ப எனக்கு எம்மாம் பெருமையா இருக்கும் தெரியுமா?

— அது இல்ல எழிலு.

— பின்ன?

— முன்னாடி கேட்டு, பின்னாடி கேட்டு எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் போட்டத நீ பாக்கணும்னு கூப்புடல.

— அப்ப வேற யாரு போட்டதப் பாக்கணும்?

— வந்தாத்...

— வந்தாத் தெரியும். ஆமா. புளிக்கொட்டையப் பாத்து எடு காவியா, நாரு நிக்குது.

— அம்மா, ஒரு நிமிஷம். அப்பா, அந்தக் கொளத்த மேல இருந்து எடுத்த ஃபோட்டோ போட்டிருக்கான். ட்ரோன்ல எடுத்தது. செம நீலமா இருக்குது.

— ஃபோன வெச்சுடு சாமி.

— இருங்கப்பா. அடியில என்னமோ வெள்ளையா டிசைன் இருக்குது. பெருசு பண்றேன். கோலம். அம்மா, கொளத்துக்கு அடியில சிக்குக் கோலம் போட்டிருக்காங்க.

— காவியா, அதக் குடு இங்க.

— ஏம்ப்பா புடுங்கறீங்க? அம்மா பாக்கட்டும். அம்மா, இந்தா, பாரு.

— கையெல்லாம் புளியா இருக்குது, நீயே புடிச்சுக் காட்டு. எங்க? இன்னும் கிட்டக் காட்டு. புள்ளி... ஊடு புள்ளி வெச்சு... நாலு பக்கமும் தாமர. நடுவுல சிக்கு. ஏங்க.

— சொல்லு.

— ஏங்க, இது என்னுது.

— ஆமா.

— இது நம்ம வாசல்ல நான் போட்டது.

— ஆமா எழிலு. மார்கழியில நீ போட்டது. ஏணியில ஏறிக் காட்டுனியே, அது.

— அப்பா, சீரியஸாவா?

— கொளத்துக்கு அடியில போடறதுக்கு, படத்துல மொதல்ல மீனு ஒண்ணு வரைஞ்சு வெச்சிருந்தாங்க. மொதலாளி வந்து பாத்துட்டு, மீனு எல்லா எடத்துலயும் இருக்குது, வேற கொண்டாங்கன்னுட்டாரு. எஞ்சினியர் சாரு என்னென்னமோ காட்டுனாரு, ஒண்ணும் புடிக்கல. அன்னிக்கு மத்தியானம் சோறு திங்கறப்ப நான் ஃபோன்ல உங்கோலத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாரு பின்னால வந்து நின்னது தெரியாது. “இது என்ன பச்சியப்பா”ன்னாரு. “எங்கூட்டுக்காரி காலையில வாசல்ல போட்டது சார்”ன்னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், “இத உன்னால பதிக்க முடியுமா”ன்னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— முடியும்னுட்டேன். சொல்லிட்டு ராத்திரி தூக்கமே இல்ல. நீ மாவ எடுத்தா கோடு ஓடுது. எனக்கு நகம் அளவு வெள்ளச் சில்ல ஒண்ணு ஒண்ணா வெட்டி வெச்சு, அந்த வளைவு வரவெக்கணும். ரெண்டு மூணு தரம் பேத்துப் பேத்துப் போட்டேன். அப்பத்தான் எழிலு தெரிஞ்சுது, நீ எம்மாம் பெரிய வேலக்காரின்னு. கை எடுக்காம, அளவு பாக்காம, இருட்டுல, ஒரு கையில முந்தானையச் செருகிக்கிட்டு நீ போடறத நான் மட்டக்கோலு, நூலு எல்லாம் வெச்சுக்கிட்டுப் போட முடியாம தெணறுனேன்.

— நான் அஞ்சு நிமிசத்துல போடறதுங்க. பால் வண்டி வந்து ஏறுனா அழிஞ்சு போறது.

— அதான். அங்க அழியாது. ஆழமான எடத்துலதான் பதிச்சிருக்குது, காலும் எட்டாது.

— ஏன் இத எங்கிட்ட சொல்லல?

— சொன்னா, ஃபோன்ல பாத்துட்டு “நல்லாருக்குதே”ன்னு சொல்லிட்டு அடுத்த கூடையத் தூக்கிருவ. உங்கோலம் எப்படி இருக்குதுன்னு நீ இது வரைக்கும் நிமுந்து நின்னு பாத்ததில்ல எழிலு. போட்டதும் உள்ள போயிருவ, ஏணியில ஏறுன அன்னிக்கும் ஃபோனத்தான் பாத்துக்கிட்டு நின்ன. ஒரு தரமாச்சும், யாரும் மிதிக்காத நேரத்துல, நீ ஓரமா நிக்கணும், அது உன் முன்னால கெடக்கணும். அதுக்குத்தான் ஏழு மணி. அதுக்குத்தான் ரிசார்ட்டு.

— இருங்க, கையக் கழுவிட்டு வந்து பாக்கறேன்.

— சொம்புல தண்ணி இருக்குது பாரு.

— கழுவிட்டேன். காவியா, இன்னொரு தரம் காட்டு.

— அம்மா, இதுக்குக் கீழ வந்தவங்க எழுதியிருக்காங்க கேளு. ஒரு பொண்ணு எழுதியிருக்குது, “கடலப் பாக்க வந்தோம், புள்ளைங்க இந்தக் கோலத்த விட்டு நகரவே இல்ல”ன்னு. இன்னொருத்தரு, “எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு”ன்னு.

— யாரு பெத்த புள்ளைங்களோ. நல்லா இருக்கட்டும். சரிங்க, ரிசார்ட்டுக்கே போவலாம்.

— நெசமாவா?

— ராத்திரி தங்கலாம். காலையில ஏழு மணிக்கு முன்னாடி உங்க கூட வந்து ஓரமா நிக்கறேன். நீங்க எவ்வளவு நேரம் நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். ஆனா கடல அங்க வெச்சுப் பாக்க மாட்டேன். போறப்ப அந்தப் பக்கமே கண்ணத் திருப்ப மாட்டேன். கொளத்தப் பாத்துட்டு, தோப்பு வழியா நடந்து, நீங்க சொன்ன எடத்துல, அது பட்டுனு முன்னால வந்து நிக்கணும். அப்புறம் அசையாம உக்காந்துக்கலாம், நண்டு வர்ற வரைக்கும்.

— ரிசார்ட்டு ஜன்னலத் தொறந்தாலே கடலுதாம்மா.

— தெரை போட்டிருப்பான் இல்ல? இழுத்து வுட்டுக்கலாம்.

— சரி எழிலு. உன் இஷ்டம். ஜன்னலுக்கு நானே காவலு நிக்கறேன்.

— ஜில்லுவ யாரு பாத்துக்குவா? கண்ணம்மாக்கா கிட்டச் சொல்லிட்டுப் போவணும். சோத்த வெச்சாப் போதாது, பக்கத்துல உக்காந்தாத்தான் திங்கும்.

— அம்மா, இரு. இங்க ஒண்ணு கவனிச்சேன். கோலத்துல இந்த ஓரத்துல மட்டும் கோடு வேற மாதிரி போவுது. மத்த மூணு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது, இங்க மட்டும் உள்ளார வளைஞ்சு சுத்திப் போவுது.

— அதப் பத்தித்தான் கேக்கணும்னு இருந்தேன். அத வெச்சு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. எஞ்சினியர் சாரு பாத்துட்டு, “பச்சியப்பா, ஒரு பக்கம் வளைஞ்சிருக்குது, மத்த பக்கம் இல்ல, இது தப்பு, பேத்துட்டு நேராப் போடு”ன்னாரு. நான் ஒத்துக்கல.

— அவரு கிட்டயா ஒத்துக்கலன்னீங்க?

— ஆமா. “சார், எங்கூட்டுக்காரி இத்தினி வருஷமா கோலம் போடறா, அவ கை ஒரு எடத்துல கூடத் தவறுனது இல்ல. அவ வளைச்சிருக்கான்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கும். அது என்னன்னு நமக்குத் தெரியலன்னா, தப்பு நம்ம மேல. நேராக்கணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க”ன்னுட்டேன். அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாளு மொதலாளி வந்து நின்னு பாத்தாரு. “மூணு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு பக்கம் மட்டும் அலை வந்து தள்ளுன மாதிரி வளைஞ்சிருக்குதே, இதுதான் இதுல அழகு, கை வெக்காதீங்க”ன்னு சொல்லிட்டாரு. அதுக்கு அப்புறந்தான் சாருக்கு எம் மேல மரியாதயே வந்துச்சு. இந்தப் பாஸு கூட அதனாலதான்.

— அம்மா, இதையும் எழுதியிருக்காங்க. “அந்த ஒரு வளைவுல என்னமோ அர்த்தம் இருக்குது, யோசிச்சுக்கிட்டே இருந்தேன்”னு ஒருத்தரு.

— நானும்தான் யோசிச்சேன். கெழக்குத் தெசைக்கு வழி வுட்டிருப்பியோ, சாமிக்கு ஏதாச்சும் வேண்டுதலோன்னு. உங்கிட்டக் கேட்டா விசயம் வெளிய வந்துரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லு எழிலு. அந்த எடத்துல என்ன கணக்கு?

— கணக்கும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. ஜில்லு அப்பக் குட்டி, ஏணி கொண்டாறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிருச்சு, ஆனா அன்னிக்குக் கோலம் போடறப்ப குளிருக்கு அந்த எடத்துலதான் சுருண்டு தூங்கிட்டிருந்துச்சு, எழுப்ப மனசு வரல, அத சுத்திக் கோட்டப் போட்டுட்டேன்.